மீன் ரத்தத்தில் ஹார்மோன் சுமக்கும் புரதம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மனித ரத்தத்தில் பாலின ஹார்மோன்களைச் சுமக்கத் தனியாக ஒரு புரதம் இருக்கிறதாமே, மீனுக்கும் உண்டா?

பதில்: உண்டு. SHBG எனப்படும் அந்தப் புரதம் கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் கலக்கிறது. எஸ்ட்ராடையால் (பெண் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) போன்றவை நீரில் எளிதில் கரையாதவை. ரத்தத்தில் பெரும்பகுதி ஏதாவது ஒரு புரதத்தில் ஒட்டிக்கொண்டுதான் போகும். ரத்தத்தில் ஏராளமாக உள்ள பொதுப் புரதமான அல்புமினும் சுமக்கும், ஆனால் அதன் பிடி மிகத் தளர்வு. இந்தப் புரதமோ ஹார்மோன் மிகச் சொற்பமாக (நானோமோலார் அளவில்) இருந்தாலும் இறுக்கிப் பிடிக்கும்.

மனிதக் கணக்கை அப்படியே மீனுக்குப் போடக் கூடாது. ஆண் மீனின் முக்கிய ஹார்மோனான 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் இதில் சரியாக ஒட்டுவதில்லை. மனிதப் புரதம் அவ்வளவாகப் பொருட்படுத்தாத ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற ஹார்மோனைப் பல மீன்களின் புரதம் வலுவாகப் பிடித்துக்கொள்கிறது.

கேள்வி: கெண்டை மீனின் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதியில்) இந்தப் புரதத்தை அளக்கிறேன். ட்ரிட்டியம் (கதிர்வீச்சு ஹைட்ரஜன்) ஏற்றிய எஸ்ட்ராடையாலும் கரித்தூளும் பயன்படுத்துகிறேன். ஒரே மாதிரியிலேயே குழாய்க்குக் குழாய் கதிர்வீச்சு எண்ணிக்கை மாறுகிறது. ஏன்?

பதில்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். கரித்தூளின் வேலை, புரதத்தில் ஒட்டாத ஹார்மோனை உறிஞ்சுவது. மீன் புரதம் இறுக்கிப் பிடித்தாலும், பிடித்ததைச் சட்டென்று விட்டுவிடும். கரித்தூள் கூடுதல் நேரம் இருந்தால் ஒட்டியிருந்த ஹார்மோனையும் உருவிவிடும். 40 குழாய்க்கு வரிசையாகக் கரித்தூள் ஊற்றிவிட்டு தூளை அடியில் படியவைக்க எல்லாவற்றையும் ஒன்றாகச் சுழலியில் சுழற்றினால், முதல் குழாய்க்கும் கடைசிக் குழாய்க்கும் பல நிமிட வித்தியாசம் வந்துவிடும். சிறு சிறு தொகுதிகளாகச் செய்யுங்கள். குழாய், கரித்தூள், சுழலி எல்லாம் பனிக்கட்டிக் குளிரிலேயே இருக்கட்டும். 2, 5, 10, 15 நிமிடங்களில் சோதித்து, உங்கள் மீனுக்குப் பொருந்தும் நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, மீனின் சொந்த ஹார்மோன். முட்டை முதிரும் பெண் மீனில் அது புரதத்தின் இடங்களை ஏற்கெனவே அடைத்திருக்கும். அகற்றாமல் அளந்தால் புரதம் குறைவாக இருப்பதுபோல் தெரியும். எனவே 0.5% கரித்தூள், 0.05% டெக்ஸ்ட்ரான் (ஒரு சர்க்கரைச் சங்கிலிப் பொருள்) கலவையால் பிளாஸ்மாவை முதலிலேயே சுத்தம் செய்துவிட்டு, கரித்தூள் துளியும் மிஞ்சாதபடி சுழற்றி மேல்நீரை எடுங்கள். மிஞ்சிய தூள் அடுத்த கட்டத்தில் நீங்கள் சேர்க்கும் ஹார்மோனைத் தின்றுவிடும்.

ஒவ்வொரு மாதிரிக்கும் ஜோடிக் குழாய் கட்டாயம் வேண்டும்: ஒன்றில் ட்ரிட்டியம் ஹார்மோன் மட்டும், மற்றதில் அதனுடன் 100 மடங்குக்கு மேல் சாதாரண எஸ்ட்ராடையால். சாதாரண ஹார்மோன் இந்தப் புரதத்தின் இடங்களை நிரப்பிவிடுவதால், இரண்டாவதில் வரும் எண்ணிக்கை அல்புமினைப் போன்றவை பிடித்தது. அதைக் கழித்தால்தான் உண்மையான பிணைப்பு கிடைக்கும். பிளாஸ்டிக் குழாயின் சுவரில் ஸ்டீராய்டு ஒட்டும் என்பதால் கண்ணாடிக் குழாய் நல்லது.

கேள்வி: கழிவுநீரில் வரும் கருத்தடை மாத்திரை ஹார்மோன் மிகச் சொற்பம்தானே, மீனுக்கு எப்படி ஆபத்து?

பதில்: அந்த ஆபத்து உள்ளே வர இதே புரதம் உதவுகிறது. செவுளில் ரத்தமும் நீரும் மெல்லிய திசுவால் மட்டுமே பிரிந்திருக்கின்றன. ரத்தப் பக்கம் இறுக்கிப் பிடிக்கும் புரதம் காத்திருப்பதால், நீரில் உள்ள ஹார்மோன் உள்ளே இழுக்கப்பட்டு அங்கேயே சேர்கிறது. மாத்திரையில் உள்ள செயற்கை ஹார்மோன்களான எத்தினைல் எஸ்ட்ராடையாலும் லெவோநார்ஜெஸ்ட்ரலும் இதில் நன்றாக ஒட்டுகின்றன. ஸ்வீடனில் சுத்திகரித்த கழிவுநீரில் 14 நாள் வைத்த வானவில் ட்ரவுட் மீன்களின் ரத்தத்தில், மாத்திரை சாப்பிடும் பெண்ணின் ரத்தத்தைவிடக் கூடுதலாக லெவோநார்ஜெஸ்ட்ரல் இருந்ததை 2010இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் ஆய்வு ஏரியில் 2001 முதல் 2003 வரை எத்தினைல் எஸ்ட்ராடையாலை லிட்டருக்கு 5–6 நானோகிராம் அளவில் கலந்தார்கள். பெண் மீனுக்கே உரிய முட்டைக்கரு புரதம் ஆண் மீன்களிடமும் உருவானது. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீன் அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றே போனது.

ஆகவே இத்தகைய சோதனை செய்பவர்கள் தொட்டியில் எவ்வளவு ஊற்றினோம் என்ற எண்ணை மட்டும் எழுதினால் போதாது. நீரிலும் பிளாஸ்மாவிலும் ஒரே நாளில் மாதிரி எடுத்து, இரண்டையும் அளந்து எழுத வேண்டும்.