முதலில் சேசிஸ், உடல் பிறகு: குட்டி நேரோகேஜ் ரயில் கேள்வி-பதில்

கேள்வி: டார்ஜிலிங் ரயிலின் மாதிரி செய்ய ஆசை. ஓஓ-9, எச்ஓ-இ, என்-கேஜ் என்று கடையில் குழப்புகிறார்கள். எதை வாங்குவது?

மூன்றிலும் தண்டவாள இடைவெளி 9 மி.மீ.தான். மாறுவது ரயிலின் அளவு விகிதம். என்-கேஜ் 1:160 (பிரிட்டனில் 1:148), எச்ஓ-இ 1:87, ஓஓ-9 1:76. டார்ஜிலிங் பாதை நேரோகேஜ், அதாவது குறுகிய பாதை. அதன் அகலம் 610 மி.மீ.; 76-ஆல் வகுத்தால் 8 மி.மீ. ஒரு மி.மீ. கூடுதல் கண்ணை உறுத்தாது. எச்ஓ-இயில் 7 வரவேண்டும், இரண்டு மி.மீ. தள்ளிப்போகும். ஆகவே ஓஓ-9. ஊட்டி ரயிலுக்கு இந்தக் கணக்கு ஆகாது. அது மீட்டர் கேஜ், 1:87-இல் 12 மி.மீ. தண்டவாளம் வேண்டும்.

தண்டவாளத்தை என்-கேஜிலேயே வாங்கினாலும் ரயில் ஓடும். ஆனால் அதன் குறுக்குக் கட்டைகள் நெருக்கமாக இருப்பதால் நேரோகேஜ் தோற்றம் வராது. பார்வைக்குத் தெரியும் இடத்திலாவது ஓஓ-9 தண்டவாளம் போடுங்கள்.

கேள்வி: 3டி பிரிண்ட் செய்த இன்ஜின் உடல் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிவிட்டு மோட்டார் தேடலாமா?

வேண்டாம். அந்த உடல்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு சேசிஸை (மோட்டாரும் சக்கரங்களும் உள்ள அடிப்பகுதியை) அளந்து வரைந்தவை. எந்தத் தயாரிப்பு, பழையதா புதியதா என்று விற்பவரிடம் கேட்டு, முதலில் சேசிஸை வாங்கி ஓட்டிப் பாருங்கள். உடல் அழகாக இருந்து வண்டி திணறினால் அது அலமாரிக்குத்தான்.

சேசிஸைப் புரட்டிப் பாருங்கள். எத்தனை சக்கரம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறது? ரப்பர் வளையம் மாட்டிய சக்கரம் எடுக்காது. நான்கு சக்கர வண்டியில் ஒரு சக்கரத்துக்கு வளையம் என்றால், அந்தப் பக்கம் மிஞ்சுவது ஒரே சக்கரம். பாயிண்ட்ஸின் (ரயில் தடம் மாறும் இடத்தின்) நடுவே தண்டவாளங்கள் குறுக்கிடும் பிளாஸ்டிக் துண்டில் அது ஏறியதும் வண்டி நின்றுவிடும். அதனால் அந்த இடம் உலோகமாக இருந்து மின்சாரம் பாயும் பாயிண்ட்ஸையே வாங்குங்கள். சேமிக்கக் கூடாத இடம் இது.

பிரிண்ட் உடலுக்கு எடை போதாது. ஈயத்தகட்டை வெட்டி, இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் எடை விழும்படி உள்ளே வையுங்கள். முன்பக்கம் கனத்தால் பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும், மின்தொடர்பும் போகும். உடலைப் பொருத்தச் சூப்பர் குளூ ஆகாது. கசிந்து கியரில் இறங்கினால் சேசிஸே போய்விடும்.

கேள்வி: எல்இடி பட்டைக்கான 12 வோல்ட் டிம்மரால் ஓட்டுகிறேன். மோட்டார் கீச்சிடுகிறது, சுடுகிறது. மோட்டார் மட்டமா?

டிம்மர்தான் காரணம். அது மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்புகிறது. இப்போதைய குட்டிச் சேசிஸ்கள் பலவற்றில் இரும்பு உள்ளகம் இல்லாத கோர்லெஸ் மோட்டார் இருக்கும். துடிப்பு மெதுவாக இருந்தால் மின்னோட்டம் எகிறி எகிறி விழும். சூட்டை வாங்கிக்கொள்ள உள்ளே இரும்பும் இல்லை.

துடிப்பில்லாத டிசி கொடுங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர், எல்எம்317 ஐசி (வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் சில்லு), 240 ஓம் ரெசிஸ்டர், 2 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்), சூட்டை வெளியேற்றச் சிறு ஹீட்சிங்க் போதும். 1.25-லிருந்து ஏறக்குறைய 10 வோல்ட் வரை கிடைக்கும். குட்டி இன்ஜினுக்கு அதுவே தாராளம். பூஜ்யத்துக்கு இறங்காது என்பதால், நடுவில் ஆஃப் உள்ள டிபிடிடி ஸ்விட்சை (மின்சாரத்தின் திசையை மாற்ற உதவும் இரட்டை ஸ்விட்ச்) வெளியீட்டில் போடுங்கள். முன், பின், நிறுத்தம் மூன்றும் அதிலேயே. ஐசிக்குள் ஷார்ட் பாதுகாப்பும் உண்டு. தடம் புரளும்போது அது கைகொடுக்கும்.

கேள்வி: தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பதற்குப் பதில் பேட்டரியை வண்டிக்குள் வைக்கலாமா?

பெட்டி ஒன்றில் இடம் இருந்தால் வைக்கலாம். 3.7 வோல்ட்டில் 12 வோல்ட் மோட்டார் மெதுவாக ஓடும்; மலை ரயிலுக்கு அந்த வேகம் பொருத்தமே. ஆபத்து சார்ஜரில். கடையில் கிடைக்கும் டிபி4056 சார்ஜர் பலகை பெரும்பாலும் 1000 மில்லி ஆம்பியரில் சார்ஜ் செய்யும்படி 1.2 கிலோஓம் ரெசிஸ்டருடன் வருகிறது. 150 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை அதில் மாட்டினால் பேட்டரி வீங்கும், தீப்பிடிக்கவும் செய்யலாம். அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கிலோஓம் வைத்தால் 130-க்கு இறங்கும். பாதுகாப்புச் சுற்று உள்ள பேட்டரியையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரி உண்டா?

உண்டு. மாதிரி ரயில்கள் சுங்கத்தில் 9503 என்ற பொம்மைத் தலைப்பில் வருகின்றன. தபால் செலவையும் சேர்த்த மதிப்பின் மேல்தான் வரி போடுவார்கள். ஆர்டர் செய்யுமுன் அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியை மட்டும் உள்ளூரில் வாங்குங்கள். தனி லித்தியம் பேட்டரியைப் பன்னாட்டுத் தபாலில் ஏற்பதில்லை.