மயக்க மருந்து, மாத்திரைகள் பற்றி நம்பிப் படிக்க என்ன இருக்கிறது?

உங்கள் வீட்டில் யாருக்கோ ஆபரேஷன் தேதி குறித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வேறு நேரத்தில் இந்தக் கேள்வி வராது.

மயக்க மருந்துக்கு, பிரிட்டனின் மயக்க மருத்துவர்கள் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் அனஸ்தெடிஸ்ட்ஸ் நோயாளிகளுக்கென்றே வெளியிடும் கையேடுகள். மாத்திரைகளுக்கு, அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ் இணையதளம். இரண்டுமே இலவசம். வேறு எதைப் படித்தாலும் எழுதியது யார், கடைசியாகச் சரிபார்த்தது எப்போது என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

என் அம்மாவுக்கு மூட்டு மாற்று சிகிச்சை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வோம் என்றார்கள். அதற்குள் சொந்தக்காரர் ஒருவர் வீடியோ அனுப்பிவிட்டார்: அந்த ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலியாம். அம்மா ஆபரேஷனே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கேட்டால் "ஒண்ணும் ஆகாதும்மா" என்பதோடு சரி. பிறகு அந்தக் கையேட்டை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். தலைவலி சிலருக்கு வரலாம், நரம்புக்கு நிரந்தரப் பாதிப்பு மிக அரிது என்று எதையும் ஒளிக்காமல் போட்டிருந்தது. "கெட்டதையும் சேர்த்துச் சொல்றாங்களே, அப்ப நம்பலாம்" என்றார் அம்மா.

மாத்திரை விஷயம் இன்னும் முக்கியம். சர்க்கரைக்கு அவர் டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறார். கையில் கொடுத்த தாளில் 'ஆபரேஷன் அன்று காலை சர்க்கரை மாத்திரை வேண்டாம்' என்று மட்டும் இருந்தது. ஆனால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து இருப்பதால் இதைக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-லேயே சொல்லியிருக்கிறது. மயக்க மருத்துவரிடம் கேட்டோம். உடனே தேதி போட்டுத் திருத்திக் கொடுத்தார்.

'இணையத்தில் படித்துவிட்டு டாக்டருக்கே பாடம் எடுக்கிறார்கள்' என்று இங்கே சிலர் வருவார்கள். நான் எந்த மாத்திரையையும் நானாக நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள். படித்ததால் கேட்க வேண்டியதைக் கேட்க முடிந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஒப்புதல் படிவத்தை ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி நீட்டினார்கள். பொடி எழுத்தில் நாலு பக்கம். பேனாவோடு ஒருவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு "இங்க, அப்புறம் இங்க" என்கிறார். படிக்கட்டுமா என்றால் முகம் சுளிக்கிறார். தேதி குறிக்கும் அன்றே அந்தத் தாளைக் கொடுத்து அனுப்புவதில் ஆஸ்பத்திரிக்கு என்ன கஷ்டம்?