டிராஃப்டைப் பார்த்து மயங்காதீர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, டெக்சஸில் மிட்லண்டுக்கு வடக்கே, மார்ட்டின் கவுண்டியில் 40 ஏக்கர் வாங்கியிருக்கிறோம். நிலத்தடி எண்ணெய், எரிவாயு மீதான கனிம உரிமையில் பாதி எங்களுக்கு என்று பத்திரத்தில் இருக்கிறது. சென்ற வாரம், எண்ணெய் நிறுவனத்துக்காகக் குத்தகை பேசும் லேண்ட்மேன் ஒருவர் வந்து எண்ணெய், எரிவாயுக் குத்தகைப் படிவம் கொடுத்தார். கையெழுத்துக்கு ஏக்கருக்கு 2,000 டாலர் போனஸ், விற்பனையில் எட்டில் ஒரு பங்கு ராயல்டி, மூன்று ஆண்டு. “எல்லாரும் போடும் வழக்கமான படிவம்தான், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும்” என்கிறார். போடலாமா?

பதில்: வெள்ளிக்கிழமை போடாதீர்கள் தம்பி. அடுத்த வெள்ளிக்கிழமையும் வேண்டாம். வந்தவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அவர் வேலை செய்வது உங்களுக்கு அல்ல.

இதை அடிபட்டவன் சொல்கிறேன். 2006இல் ஃபோர்ட் வொர்த்துக்குத் தெற்கே, ஜான்சன் கவுண்டியில் எனக்கு 12 ஏக்கர் இருந்தது. பார்னெட் பாறையில் எரிவாயு எடுக்க எல்லாரும் அலைந்துகொண்டிருந்த காலம். ஒரு லேண்ட்மேன் வந்தார், சமையலறை மேசையில் உட்கார்ந்தார், என் மனைவி போட்ட காப்பியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார். படிவத்தின் மூலையில் ‘புரொட்யூசர்ஸ் 88’ என்று அச்சிட்டிருந்தது. ஏதோ அரசாங்கப் படிவம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது வெறும் தலைப்பு. அந்தப் பெயரில் அவரவர் தமக்கு வேண்டியதை அச்சடித்துக்கொள்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏக்கருக்குச் சில நூறு டாலர் வாங்கினேன். 2008 கோடையில் ஃபோர்ட் வொர்த் குடியிருப்புகளில் அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடிப் பேரம் பேசி, ஏக்கருக்கு 25,000 டாலருக்கு மேலும், ராயல்டியாகக் கால் பங்கும் கேட்டு வாங்கினார்கள். ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் விலை சரிந்தது. இன்னும் கூடும் என்று காத்திருந்த பலருக்கு, தருவதாகச் சொன்ன தொகையை நிறுவனங்கள் தராமல் பின்வாங்கிவிட்டன. ஆகவே காலமெல்லாம் இழுத்தடிக்கவும் சொல்லமாட்டேன்.

முதலில் கணக்கு. உங்களிடம் இருப்பது 40 ஏக்கரில் பாதி உரிமை, அதாவது 20 ஏக்கர். போனஸ் 40,000 டாலர்தான், 80,000 அல்ல. கிணற்றுக்காகப் பலர் நிலத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் 1,280 ஏக்கர் தொகுதி ஒன்றில் உங்கள் நிலத்தையும் சேர்த்தால், எட்டில் ஒரு பங்கு ராயல்டிக்கு உங்கள் பங்கு 20 ÷ 1,280 × 1/8, அதாவது 0.001953125. அதுவே கால் பங்கானால் 0.00390625. ஒரு லட்சம் டாலருக்கு எண்ணெய் விற்றால் 195 டாலரா, 390 டாலரா என்பதுதான் வித்தியாசம். போனஸ் ஒருமுறை வந்து செலவாகிவிடும். இந்தப் பின்னம் உங்கள் பிள்ளைகள் காலத்திலும் ஓடும். இந்தக் காலத்தில், அதுவும் மார்ட்டின் கவுண்டியில், எட்டில் ஒன்று என்பது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்ன விலை.

அடுத்தது, என்னை உண்மையில் சாய்த்த இடம். முதல் ராயல்டி காசோலையோடு ஒட்டியிருந்த சீட்டு இன்னும் என் கோப்பில் இருக்கிறது. என் பங்கு 212.40 டாலர். அதற்குக் கீழே குழாய்ச் சேகரிப்பு 38.60, அமுக்கம் 21.15, சுத்திகரிப்பு 11.50. கைக்கு வந்தது 141.15. தொலைபேசியில் கேட்டபோது, “உங்கள் குத்தகையில் ‘கிணற்று வாயில் சந்தை மதிப்பு’ என்று இருக்கிறதே” என்றார்கள். அதாவது எரிவாயு கிணற்றைவிட்டு வெளியே வந்தபின் ஆகும் செலவில் என் பங்கை நானும் சுமக்க வேண்டும்.

‘எந்தச் செலவுக் கழிவும் கூடாது’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். அப்படிச் சேர்த்திருந்தவர்களே 1996இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். மதிப்பிடும் இடம் கிணற்று வாய் என்று இருக்கும்வரை அந்த வரிக்கு வேலையே இல்லை என்பதுதான் ஹெரிடேஜ் வழக்கின் தீர்ப்பு. 2015இல் செசபீக் என்ற எரிவாயு நிறுவனத்தோடு நடந்த வழக்கில் ஹைடர் குடும்பம் வென்றது, சொற்கள் வேறு மாதிரி இருந்ததால். ஆகவே ‘கிணற்று வாயில்’ என்பதையே அடித்துவிட்டு, மூன்றாம் தரப்புக்கு விற்ற விலையில் செலவு கழிக்காத பங்கு என்று எழுதச் சொல்லுங்கள். இந்த வரியை நீங்களே எழுத வேண்டாம். எண்ணெய்க் குத்தகையே தொழிலாக உள்ள வழக்கறிஞர் எழுதட்டும். வீட்டுப் பத்திரம் பார்த்த வக்கீலிடம் போகாதீர்கள்.

மூன்று ஆண்டு என்பதும் மூன்று ஆண்டு அல்ல. ‘அதன்பின் உற்பத்தி நடக்கும்வரை’ என்று ஒரு வால் இருக்கும். ஒரே ஒரு கிணறு ஓடினாலும் குத்தகை முழுவதும் உயிரோடிருக்கும். கிணற்றுத் தொகுதிக்குள் வராத நிலத்தை விடுவிக்க வேண்டும் என்ற பியூ ஷரத்தை, லூசியானா வக்கீல் ஒருவர் 1947இல் இதற்காகத்தான் எழுதினார். பெரிய பண்ணைக்காரர்களுக்கு அது அவசியம். உங்கள் 40 ஏக்கர் முழுவதும் ஒரே தொகுதிக்குள் போய்விடலாம் என்பதால், உங்களுக்கு அதைவிட ஆழம்தான் முக்கியம். உங்கள் பகுதியில் ஸ்ப்ராபெரி, அதன்கீழ் உல்ஃப்கேம்ப் என்று எண்ணெய்ப் பாறைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மேலடுக்கில் ஒரு கிணறு தோண்டிவிட்டு அடியிலிருப்பதைப் பூட்டிவைக்க விடாதீர்கள். அந்த முதல் மூன்று ஆண்டு முடிந்ததும், தோண்டிய அடுக்குக்குக் கீழே உள்ளது உங்களிடம் திரும்பட்டும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போனஸுக்காக அவர் நீட்டும் டிராஃப்ட் பணம் அல்ல. பத்திரம் சரிபார்த்தபின் நிறுவனம் ஒப்புக்கொண்டால்தான் அது பணமாகும். அதற்குள் குத்தகையைப் பதிவு செய்துவிட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். பணம் வரும்வரை கையெழுத்திட்ட மூலப் படிவம் உங்கள் வக்கீலிடமே இருக்கட்டும். உரிமைக்கு உத்தரவாதம் தரும் வரியை அடித்துவிடுங்கள். மேல்நிலமும் உங்களுடையது என்பதால் சாலை, வேலி, கிணற்றுத் தண்ணீர், வீட்டிலிருந்து எத்தனை அடி என்பதையெல்லாம் இணைப்புத் தாளில் எழுதுங்கள். மற்றப் பாதி உரிமைக்காரர் ஏற்கெனவே குத்தகை கொடுத்திருந்தால், நீங்கள் மறுத்தாலும் குத்தகை எடுத்த நிறுவனம் உள்ளே வரலாம். டெக்சஸ் சட்டம் அப்படி. பத்திரங்களைப் பதிவு செய்யும் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் அந்த உரிமைக்காரர் பெயரைத் தேடுங்கள். போனஸ் தொகை அங்கே பெரும்பாலும் இருக்காது. அதற்கு அக்கம்பக்கத்தாரிடம்தான் போக வேண்டும், முடிந்தால் கையில் முறுக்கோடு.

கேள்வி: குத்தாலம் பக்கம் எங்கள் வயலை ஒட்டி எரிவாயுக் கிணறு இருக்கிறது. அமெரிக்காவில் போல எங்களுக்கும் ராயல்டி கேட்க முடியுமா?

பதில்: முடியாது அம்மா. இங்கே பெட்ரோலியம் எடுக்கும் உரிமத்தை வழங்குவது அரசு. நிலத்தில் எடுப்பதற்கான ராயல்டி மாநில அரசுக்குப் போகிறது. நிலத்துக்காரருக்குக் கிடைப்பது மேற்பரப்பைப் பயன்படுத்துவதற்கான வாடகையும், பயிர் சேதத்துக்கான இழப்பீடும்தான். அதனால் உங்கள் பேரம் வேறு: எவ்வளவு இடம், எத்தனை ஆண்டு, வேலை முடிந்தபின் மண்ணை யார் பழையபடி ஆக்கித் தருவது. டெல்டா 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானபின் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அங்கே தடை இருக்கிறது. ஏற்கெனவே ஓடும் கிணறுகளை அந்தச் சட்டம் மூடவில்லை.

கேள்வி: டெக்சஸில் எண்ணெய்க் குத்தகை போட்டு இரண்டு ஆண்டாகிறது. இப்போது ‘டிவிஷன் ஆர்டர்’ என்று ஒன்று வந்திருக்கிறது. கையெழுத்துப் போடாவிட்டால் பணம் வராது என்கிறார்கள்.

பதில்: விற்பனையில் உங்களுக்கு எவ்வளவு என்று நிறுவனம் எழுதி அனுப்பும் தாள் அது. அதில் உங்கள் பங்கு ஒரு நீண்ட தசமமாக இருக்கும். மேலே 20 ஏக்கருக்குப் போட்ட கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். கடைசி இலக்கம் வரை ஒத்துப்போனால், குத்தகையை மாற்றும் வரி ஏதும் உள்ளே நுழைந்திருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிட்டுப் போடுங்கள். ஒத்துப்போகாவிட்டால், எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கடிதம் எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் வேண்டாம்.