கருப்பட்டி விற்க செக்‌ஷன் 8 கம்பெனி எதற்கு?

கேள்வி: எங்கள் ஊர் உடன்குடி பக்கம். பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பனையேறிகளிடம் கருப்பட்டி வாங்கி, மகளிர் குழு அக்காமார் முடைகிற ஓலைப் பெட்டியில் வைத்து, தெரிந்தவர்களுக்கு கூரியரில் அனுப்பி விற்கிறேன். இதையே ஒரு சமூக நிறுவனமாக நடத்த ஆசை. எங்கள் கல்லூரியில் வந்து பேசிய ஒரு கன்சல்டன்ட், லாப நோக்கமில்லாத செக்‌ஷன் 8 கம்பெனி, 12ஏ, 80ஜி என்ற வரிச்சலுகைப் பதிவுகள், பெரிய கம்பெனிகளின் பொதுநல நிதியான சி.எஸ்.ஆருக்கான பதிவு எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய் ஆகும், ஆறே மாதத்தில் 25 லட்சம் சி.எஸ்.ஆர். நிதி வாங்கித் தருகிறேன் என்கிறார். முன்பணம் 5,000 கொடுத்துவிட்டேன். மீதிக்கு அம்மா நகையை அடகு வைக்கலாம் என்கிறார் அப்பா. பிளேஸ்மென்ட் பொறுப்பாளரோ, இதெல்லாம் ரெஸ்யூமேயில் எடுபடாது, வங்கித் தேர்வுக்குப் படி என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: நகை வீட்டிலேயே இருக்கட்டும். மீதி 60,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கருப்பட்டி விற்பதை மட்டும் நிறுத்த வேண்டாம்.

முதலில் அந்த 25 லட்சத்தைப் பார்ப்போம். சி.எஸ்.ஆர். என்பது கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுநலப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தானே நேரடியாகச் செலவிடலாம், இன்னொரு அமைப்பின் மூலமாகவும் செய்யலாம். அந்த இன்னொரு அமைப்புக்கு என்ன தகுதி வேண்டும் என்பதுதான் உங்கள் கன்சல்டன்ட் சொல்லாமல் விட்ட இடம். செக்‌ஷன் 8 கம்பெனியாகவோ, பதிவு பெற்ற அறக்கட்டளையாகவோ, சங்கமாகவோ இருக்க வேண்டும், 12ஏ, 80ஜி வேண்டும், சி.எஸ்.ஆர்-1 படிவம் தாக்கல் செய்திருக்க வேண்டும். இவை எல்லாம் இருந்தாலும், அதே மாதிரியான பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். நேற்றுப் பிறந்த கம்பெனிக்கு மூன்று ஆண்டு அனுபவம் எங்கிருந்து வரும்? ஆறு மாதத்தில் வாங்கித் தருகிறேன் என்பவர் ஒன்று விதியைப் படிக்காதவர், இல்லை படித்துவிட்டு உங்களிடம் மறைப்பவர். என் அனுபவத்தில் பெரும்பாலும் இரண்டாவது ரகம்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. இந்தத் தரகர்கள் கடைசியில் அதைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குவார்கள் என்பதால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டு நிபந்தனை சில அமைப்புகளுக்குக் கிடையாது: நிதி கொடுக்கும் கம்பெனியே தனியாகவோ இன்னொரு கம்பெனியுடன் சேர்ந்தோ தொடங்கிய அமைப்புக்கும், மத்திய, மாநில அரசு தொடங்கிய அமைப்புக்கும். “புது அமைப்புக்கும் கொடுக்கிறார்களே சார்” என்று அவர் ஏதாவது ஒரு பெயரைக் காட்டினால், அதைத் தொடங்கியது யார் என்று கேளுங்கள். ஒரு பெரிய தொழில் குழுமத்தின் சொந்த அறக்கட்டளையாக இருக்கும். அது வீட்டுப் பிள்ளை, நீங்கள் வெளியாள். இன்னொரு வழியும் இருக்கிறது. அரசு நிதியில் நடக்கும் அறிவியல், தொழில்நுட்பத் துறை இன்குபேட்டர்களுக்கு (புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையங்களுக்கு) சி.எஸ்.ஆர். பணம் போகலாம் என்று சட்டத்தின் ஏழாம் அட்டவணை சொல்கிறது. அந்த இன்குபேட்டர் தன்னிடம் சேரும் இளைஞர்களுக்கு உதவலாம். ஆனால் அங்கே பணம் வாங்கும் தகுதி இன்குபேட்டருக்குத்தான். உங்களிடம் செக்‌ஷன் 8 இருக்கிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆகமொத்தம், எந்த விதிவிலக்கை எடுத்தாலும் அந்த 65,000 ரூபாய்க்கு அதில் வேலை இல்லை.

சரி, நிதி கிடைக்காவிட்டால் போகட்டும், கம்பெனி ஒன்று பெயருக்கு இருந்தால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நஷ்டம் உண்டு. கம்பெனி பிறந்துவிட்டால், ஒரு ரூபாய்கூட வியாபாரம் நடக்காத ஆண்டிலும் தணிக்கை செய்து, வரவு செலவுக் கணக்குக்கு ஏஓசி-4, ஆண்டு விவரத்துக்கு எம்ஜிடி-7 என்ற இரண்டு படிவங்களைத் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். ஒரு வருடம் மறந்தால் 36,500, இரண்டு படிவத்துக்கும் 73,000. பதிவு செய்து தந்தவர் அதற்குள் ஃபோன் எண்ணை மாற்றியிருப்பார். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுக்குத் தகுதி இழப்பார்கள். கல்லூரியில் படிக்கும்போது ஆசையாக இயக்குநராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேலைக்குச் சேர்ந்து மறந்துபோய், பிறகு சொந்தமாக உண்மையிலேயே கம்பெனி தொடங்க வரும்போது கதவு சாத்தியிருப்பதைப் பார்த்து என் முன்னால் உட்கார்ந்து அழுத பிள்ளைகள் உண்டு. இரண்டாவது இயக்குநராக அம்மாவையோ அப்பாவையோ போட்டிருப்பார்கள். அவர்களுக்கும் இதே கதிதான்.

இன்னொன்று. செக்‌ஷன் 8 கம்பெனியில் நியாயமான சம்பளம் எடுக்கலாம், லாபத்தைப் பங்கு பிரிக்க முடியாது. கருப்பட்டி விற்பது வியாபாரம். பொதுநல நோக்கம் என்ற தலைப்பில் வரிவிலக்கு வாங்கும் அமைப்பு, தன் மொத்த வரவில் 20 சதவீதத்துக்கு மேல் வியாபாரத்தில் சம்பாதித்தால் அந்த ஆண்டு விலக்கு போய்விடும். உங்களுக்கோ வரவு முழுக்கக் கருப்பட்டிதான்.

சமூக நிறுவனம் என்றாலே நன்கொடை, 80ஜி, பேனர் என்று நம் கல்லூரிகள் பழக்கிவிட்டன. தொழில்முனைவோர் தினம் என்று ஒரு நாள் வைப்பார்கள், இப்படி ஒருவரை மேடையேற்றி சால்வை போர்த்துவார்கள், புகைப்படம் கல்லூரியின் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்புக்குப் போகும். அவர் அரங்கத்துக்கு வெளியே விசிட்டிங் கார்டு கொடுத்து ஆள் பிடிப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. பணம் உள்ளவர் கட்டணம் கட்ட, அந்த வரவில் இல்லாதவருக்கும் அறுவை சிகிச்சை நடக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியில் விலை அதிகம் என்பதால் 1992-ல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே தயாரித்தார்கள். அரவிந்த் அறக்கட்டளை; குஜராத்தின் அமுல் பால் கூட்டுறவு. இரண்டுக்கும் கணக்கு சரியாக வந்தது, அதனால்தான் நின்றன. எந்தச் சட்டத்தில் பதிவு என்பது அப்புறம் வந்த கேள்வி.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலைகளை உதாரணத்துக்குச் சொல்கிறேன், உங்கள் ஊர் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். கருப்பட்டி கிலோ 300. ஓலைப் பெட்டி 35. லேபிள், அட்டைப்பெட்டி 15. கூரியர் 70. உடைந்தது, மழைக்காலத்தில் இளகிப்போனது என்று கிலோவுக்கு 15 வையுங்கள். ஆக 435. நீங்கள் 450-க்கு விற்றால் 15 ரூபாய் நிற்கும். அதே கருப்பட்டியைச் சென்னையில் ஒரு கடைக்குக் கொடுக்கிறீர்கள். 520 ரூபாய் என்று விலை போட்டால், கடைக்காரர் 25 சதவீதம் தனக்கு எடுத்துக்கொண்டு 390 தருவார். மொத்தமாக லாரியில் போவதால் போக்குவரத்து கிலோவுக்கு 10 ரூபாய்தான், அடக்கம் 375. இங்கேயும் அதே 15. ஆனால் பணம் இரண்டு மாதம் கழித்து வரும். பனையேறிக்கு அன்றைக்கே கொடுக்க வேண்டும். பதநீர் இறங்கும் மாதங்களில் வாங்கி வைத்தால்தான் ஐப்பசி, கார்த்திகையில் விற்கக் கையில் சரக்கு இருக்கும். அந்த இடைவெளிக்குப் பணம் வேண்டும், ஈரம் படாத இடம் வேண்டும். உங்கள் பாட்டி வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில் போட்டு வைத்ததும் அதற்குத்தான். இரண்டு வழியிலும் உங்கள் சம்பளம் இன்னும் கணக்கில் ஏறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இதைச் சரிசெய்வதுதான் உங்கள் தொழில். அதோடு சீனிப்பாகு கலந்த கருப்பட்டி சந்தையில் மலிந்து கிடக்கிறது. உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரில் கலப்படம் விற்பவர்களுக்கு இன்னும் வசதி. எந்தப் பனையேறியின் விடிலியில் (பதநீர் காய்ச்சும் குடிசையில்) காய்ச்சியது என்று தேதியோடு எழுதி வையுங்கள். கிலோவுக்குக் கூடுதலாக 50 ரூபாய் கேட்க அதைவிட நல்ல காரணம் உங்களுக்குக் கிடைக்காது.

இப்போதைக்குத் தேவையான பதிவுகள் மிகக் குறைவு. உங்கள் பெயரிலேயே தனியுரிமைத் தொழில். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் போதும். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய். பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பக்கமே போக வேண்டாம், தமிழ்நாட்டுக்குள் விற்கும்வரை. தேடுபொறியில் “உத்யம்” என்று போட்டால் மேலே வரும் நாலைந்து தளங்கள் தனியாருடையவை. மூவர்ணம், அசோகச் சக்கரம் எல்லாம் போட்டு, இலவசப் பதிவுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கறந்துவிடுவார்கள். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியாவிட்டால் உடனே மூடிவிடுங்கள். இந்தத் தளங்களை இத்தனை வருடமாக ஏன் விட்டு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. நேர்மையாகப் பதிவு செய்ய வருபவரைத்தான் ஒரே ஆதாரை நான்கு தளத்தில் ஏற்றச் சொல்லி, ஓ.டி.பி. வராமல் அலைக்கழிக்கிறார்கள்.

வியாபாரம் வளர்ந்தால், உங்களுக்குப் பொருந்துவது உற்பத்தியாளர் நிறுவனமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் போதும். பனையேறிகளே பங்குதாரர்கள், லாபம் அவரவர் கொடுத்த சரக்குக்கு ஏற்ப அவர்களுக்கே போகும். ஆனால் அதற்கு அவசரமே இல்லை.

இனி பிளேஸ்மென்ட் விஷயம். உங்கள் பொறுப்பாளர் சொல்வதில் பாதி சரி. ‘நிறுவனர் மற்றும் இயக்குநர்’ என்று ரெஸ்யூமேயில் போட்டால் நேர்காணலில் சிரிப்பார்கள். ஒரு பருவம் வாங்கி விற்ற கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி, எங்கே நஷ்டம், ஏன், அதற்கு என்ன செய்தேன் என்று சொன்னால் நிமிர்ந்து உட்கார்வார்கள். இன்டர்ன்ஷிப் சான்றிதழை விலைக்கு வாங்கி வந்தவர்களையே பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள். வங்கித் தேர்வுக்கும் படியுங்கள், ஒன்றை ஒன்று கெடுக்காது.

இந்தத் துறையில் சம்பளத்துக்கு வேலை இருக்கிறது என்பதைக் கல்லூரிகள் சொல்வதே இல்லை. 2020-ல் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கான திட்டம் தொடங்கியது. ஓர் அமைப்புக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் வரை நிர்வாகச் செலவுக்கு உதவி; தலைமைச் செயல் அலுவலர் சம்பளத்துக்கு மாதம் 25,000 வரை அதில் அடக்கம். அந்தப் பதவிக்கான தகுதியில் பி.பி.ஏ. என்று பெயர் சொல்லியே இருக்கிறது. உதவி முடிந்ததும் தள்ளாடும் அமைப்புகளும் உண்டு, அதனால் சேரும் முன் அவர்களின் வரவு செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், தயங்கினால் வந்துவிடுங்கள். பட்டம் கையில் வந்து 21 வயதானால் எஸ்.பி.ஐ. யூத் ஃபார் இந்தியா ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். 13 மாதம் ஏதாவது ஒரு கிராமத்தில் தொண்டு நிறுவனத்தோடு வேலை, உதவித்தொகை உண்டு. மேற்படிப்பு என்றால் குஜராத்தின் ஆனந்தில் அமுல் குரியன் தொடங்கிய ஊரக மேலாண்மைக் கல்வி நிறுவனமான இர்மா, மதுரை அருகே ‘தான்’ அறக்கட்டளையின் அகாடமி. எதற்குமே ஏஜென்ட் கிடையாது, இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அவருக்கும் அந்தக் கன்சல்டன்டுக்கும் வித்தியாசம் இல்லை.

கடைசியாக அந்த 5,000. திரும்பக் கேளுங்கள், வந்தால் லாபம். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. ஆதார், பான் நகலோடு, கேமரா முன் பெயர் சொல்லி ஒரு சிறிய வீடியோ பதிவு செய்யச் சொன்னாரா என்று யோசித்துப் பாருங்கள். சொல்லியிருந்தால் உங்கள் பெயரில் டிஜிட்டல் கையொப்பம் எடுத்தாகிவிட்டது. பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கனில் அது அவர் மேசை இழுப்பறையில் கிடக்கும். அது அவரிடம் இருக்கும்வரை உங்கள் பெயரில் எந்தப் படிவத்திலும் அவர் கையெழுத்துப் போடலாம். டோக்கனையும் கடவுச்சொல்லையும் நேரில் போய் வாங்குங்கள். தர மறுத்தால், அதை வழங்கிய நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி ரத்து செய்யச் சொல்லுங்கள். அப்படியே கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில், அவர் சொன்ன கம்பெனிப் பெயரில் ஏற்கெனவே ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். பதிவாகியிருந்தால் தள்ளிப்போடாமல் அந்த வாரமே பக்கத்து ஆடிட்டரிடம் போங்கள்.