டெண்ட்ரைட் ஆராய்ச்சிக்கு நீட் வழியா, கணித வழியா? காங்கயத்து அப்பா ஒருவருக்குப் பதில்

அய்யா, வணக்கமுங்க.

பத்தாவது முடித்த உங்க அம்மணி மூளை செல்லின் கிளைகளைப் பற்றித்தான் படிப்பேன் என்று நிற்பதாகவும், பள்ளியில் கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப்பில் சேர்ந்து நீட்டுக்குத் தயாராகச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதில் பிழைப்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குரூப் விஷயம் அவசரம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறோம். பயோ-மேத்ஸ் எடுங்க. அம்மணி கேட்கும் படிப்பு உயிரியல் பெயரில் இருந்தாலும் அதன் உள்ளே ஓடுவது இயற்பியலும் கணக்கும்தான்.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் நியூரான் படம் பார்த்திருப்பீர்கள். நடுவில் சைட்டான், ஒரு புறம் கிளைவிட்ட டெண்ட்ரைட்டுகள், மறுபுறம் நீண்ட ஆக்சான். டெண்ட்ரைட் செய்தியை வாங்கி சைட்டானுக்கு அனுப்பும், அதோடு அதன் வேலை முடிந்தது என்றுதான் அங்கே இருக்கும். அம்மணியைப் பிடித்துக்கொண்டது அதற்கு அடுத்த கட்டம்: ஒவ்வொரு கிளையும் தனக்கு வந்த செய்திகளை வைத்து, சைட்டானுக்கு அனுப்பும் முன்பே ஒரு முடிவு எடுக்கிறது.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். பெருமூளைப் புறணியில் உள்ள பிரமிடு வடிவ நியூரான் ஒன்றின் கிளைகளில் மட்டும் ஆயிரக்கணக்கான சினாப்ஸ்கள், அதாவது மற்ற நியூரான்கள் வந்து இணையும் சந்திப்புகள், இருக்கின்றன. செல்லின் உட்புறம் ஓய்வில் ஏறக்குறைய -70 மில்லிவோல்ட்டில் இருக்கும். அது -55 பக்கம் ஏறினால் ஆக்சான் தொடங்கும் இடத்தில் துடிப்பு கிளம்பும். ஒரு சினாப்ஸ் தனியாகச் சைட்டானில் தரும் ஏற்றமோ பெரும்பாலும் 1 மில்லிவோல்ட்டுக்கும் கீழே. கிளை நுனியில் விழுந்த சிக்னல் என்றால் வரும் வழியெல்லாம் சவ்வு வழியாகக் கசிந்து இன்னும் மெலியும். தென்னந்தோப்பில் சொட்டுநீர் லேட்டரல் போட்டிருக்கும் உங்களுக்கு, குழாய் நீள நீள அழுத்தம் குறைவது தெரிந்த விஷயம். இந்தக் கசிவை 1959 முதல் கேபிள் சமன்பாட்டில் எழுதிக் காட்டியவர் நரம்பியல் விஞ்ஞானி வில்ஃபிரிட் ரால். ஒரே கிளையின் சினாப்ஸ்கள் நுனியிலிருந்து சைட்டானை நோக்கி வரிசையாகத் தூண்டப்பட்டால் வரும் உச்சம் பெரிது, எதிர் வரிசையில் தூண்டப்பட்டால் சிறிது என்று 1964இல் அவரே கணக்கிட்டுச் சொன்னார். அதாவது வெறும் கசிவுள்ள ஒரு கிளையால்கூட செய்தி வந்த வரிசையை வேறுபடுத்த முடியும். பிராங்கோ, கிளார்க், ஹவுசர் மூவரும் 2010இல் அதை உண்மையான செல்லில் சோதித்துக் காட்டினார்கள்.

கிளைகள் கசிவதோடு நிற்பதில்லை. சினாப்ஸ்களில் என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பி, அதாவது செய்தியை வாங்கும் துளையுள்ள புரதம், உண்டு. ஓய்வு நிலையில் அதன் துளையை மெக்னீசியம் அயனி அடைத்திருக்கும். ஒரே கிளையில் அருகருகே உள்ள பல சினாப்ஸ்கள் ஒரே சமயத்தில் வேலை செய்தால் அந்த இடத்தின் மின்னழுத்தம் ஏறும், மெக்னீசியம் விலகும், மின்னோட்டம் பாயும், அதனால் அழுத்தம் இன்னும் ஏறும். பல மில்லிசெகண்ட் நீடிக்கும் ஒரு துடிப்பு அந்தக் கிளைக்குள் மட்டும் எழும். அதே எண்ணிக்கைச் சினாப்ஸ்கள் பல கிளைகளில் சிதறியிருந்தால் இது நடக்காது. எத்தனை செய்தி வந்தது என்பதைப் போலவே, எந்தக் கிளையில் சேர்ந்து வந்தது என்பதும் கணக்கில் வருகிறது. ஆகவே ஒரு பிரமிடு நியூரானைக் கணினியில் அமைக்கும் இரண்டு அடுக்கு நரம்பு வலையைப் போலப் பார்க்கலாம் என்று 2003இல் பொய்ராசி, பிரானன், மெல் எழுதினார்கள். 2020இல், அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்ட மனிதப் புறணித் திசுவில் வேறொரு கால்சியம் துடிப்பு கண்டறியப்பட்டது. உள்ளீடு சரியான அளவில் இருக்கும்போது அது உச்சத்தில் இருக்கும். உள்ளீடு அதிகமானால் சிறுத்துவிடும். 'இரண்டில் ஒன்று மட்டும் வந்தால் ஆம், இரண்டும் வந்தால் இல்லை' என்ற கணக்கை பெர்செப்ட்ரான் என்ற ஓரடுக்குச் செயற்கை வலையால் செய்ய முடியாது. இந்தத் துடிப்புள்ள ஒரு கிளையால் முடியும். 2021இல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகக் குழு ஒரு பிரமிடு நியூரானின் கணினி மாதிரியை நகல் எடுக்க 5 முதல் 8 அடுக்குள்ள செயற்கை வலை தேவைப்பட்டதைக் காட்டியது. மாதிரியிலிருந்து என்.எம்.டி.ஏ.வை எடுத்துவிட்டால் மிகச் சிறிய வலையே போதுமானதாக இருந்தது.

இதில் எங்கே மருத்துவம் வந்தது, பாருங்க. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று, நியூராலஜியில் டி.எம். மூன்று என்று போனால் பக்கவாதமும் வலிப்பும் பார்க்கும் நல்ல டாக்டர் ஆகலாம். அருமையான தொழில், ஆனால் அம்மணி கேட்பது அது இல்லை. டாக்டர் ஆன பிறகு ஆராய்ச்சிக்கு வருபவர்களும் உண்டு. அவர்களும் அப்போது வகைக்கெழுச் சமன்பாட்டைப் புதிதாக உட்கார்ந்து கற்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஆசை நிஜமா, ஒரு வீடியோ பார்த்த வேகமா என்று உங்களுக்குச் சந்தேகம் இருப்பது நியாயம். அதைக் காசு செலவில்லாமல் ஆறு வார இறுதிகளில் சோதிக்கலாம். 'நியூரான்' என்றே பெயருள்ள இலவச மென்பொருள் இருக்கிறது. யேல், டியூக் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது, பைதானில் இயக்கலாம். சாதாரண லேப்டாப்பும் இணையமும் இருந்தால் கூகுள் கோலாபில் ஓடிவிடும். பைதான் தெரியாவிட்டால் முதல் இரண்டு வாரம் அதற்கே போகட்டும். பிறகு 20 மைக்ரோமீட்டர் அளவில் ஒரு சைட்டானும், 500 மைக்ரோமீட்டர் நீளம், 1 மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு கிளையும் அமைக்கச் சொல்லுங்க. சவ்வுத் தடை 20,000 ஓம் சதுர சென்டிமீட்டர், உள் தடை 150 ஓம் சென்டிமீட்டர். தடிமனில் நான்கில் ஒரு பங்கை எடுத்து, சவ்வுத் தடையை உள் தடையால் வகுத்து வந்ததோடு பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், சிக்னல் எவ்வளவு தூரம் தாங்கும் என்ற நீள மாறிலி வரும். இங்கே சுமார் 577 மைக்ரோமீட்டர். இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். மைக்ரோமீட்டரைச் சென்டிமீட்டராக மாற்ற மறந்தால் விடை நூறு மடங்கு பிசகும்.

அடுத்து சைட்டானுக்கு அருகே ஒரு சினாப்ஸ், நுனிக்கு அருகே ஒரு சினாப்ஸ் வைத்து, சைட்டானில் வரும் ஏற்றத்தை ஒப்பிட வேண்டும். எல்லாரும் இடறும் இடங்கள் இங்கேதான். மென்பொருள் ஒரு கிளையைத் தானாக ஒரே துண்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். அப்படியே விட்டால் சினாப்ஸை எங்கே வைத்தாலும் ஒரே விடை வரும். துண்டுகளின் எண்ணிக்கையை 51 மாதிரி ஒற்றைப்படையில் கொடுக்க வேண்டும், அப்போதுதான் கிளையின் நடுப்புள்ளி ஒரு துண்டின் மையத்தில் விழும். கசிவுக் கடத்துதிறன் 0.001 என்று முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். அது நமக்குத் தேவையானதைவிட 20 மடங்கு, 0.00005 ஆக்க வேண்டும். சினாப்ஸின் எடை மைக்ரோசீமன்ஸ் அலகில் இருப்பதால் 1 என்று கொடுத்தால் செல்லே மூழ்கிவிடும், 0.001 போதும். அதன் தேய்வு நேரம் 0.1 மில்லிசெகண்டாக இருக்கும், அதை 2 ஆக்கினால்தான் ஏற்றம் கண்ணுக்குத் தெரியும்.

இது சரியாக வந்த பிறகு, 100 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஐந்து சினாப்ஸ், 2 மில்லிசெகண்ட் இடைவெளி. ஒருமுறை நுனியிலிருந்து, ஒருமுறை சைட்டான் பக்கத்திலிருந்து. ரால் சொன்ன வித்தியாசம் உங்கள் வீட்டு லேப்டாப்பிலேயே வரும். கடைசியாகச் சைட்டானில், துடிப்பை உண்டாக்கும் ஹாட்ஜ்கின்-ஹக்ஸ்லி அயனி வாயில்களைச் சேர்க்கலாம். அவை கணவாய் மீனின் ஆக்சானில் அளந்தவை, வெப்பநிலை 6.3 டிகிரி. 'மனித மூளைதானே' என்று 37 டிகிரி கொடுத்தால் துடிப்பே வராது, வாயில்கள் மிக வேகமாகத் திறந்து மூடிவிடும்.

வரைபடம் அழகாக வந்த நாளை வைத்து எதையும் முடிவு செய்யாதீங்க. தப்பாக வந்த நாளில் அம்மணி என்ன செய்கிறது என்று பாருங்க. எந்த எண் பிசகியது என்று சாப்பாட்டையும் மறந்து தேடினால் இந்தப் பாதை பொருந்தும். மூன்றாம் வாரமே லேப்டாப்பைத் திறக்க மனமில்லை என்றாலும் குறையில்லை. பயோ-மேத்ஸ் கையில் இருப்பதால் நீட்டும் எழுதலாம், பொறியியலுக்கும் போகலாம்.

பிளஸ் டூவுக்குப் பின் நேர்வழி, மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். பட்டம். ஏழு ஊர்களில் இருக்கின்றன. நமக்குப் பக்கம் திருவனந்தபுரமும் திருப்பதியும். நுழைவுத்தேர்வான ஐ.ஏ.டி.யில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் தலா 15 வினா, மூன்று மணி நேரம், சரிக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. 240இல் 60 மதிப்பெண் கணிதத்தில் என்றால், பியூர் சயின்ஸ் பிள்ளைகள் எங்கே பின்தங்குவார்கள் என்று உங்களுக்கே தெரியும். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யின் நான்காண்டு பி.எஸ். இன்னொரு வழி, டெண்ட்ரைட் ஆராய்ச்சி செய்யும் ரிஷிகேஷ் நாராயணன் அங்கேதான் பேராசிரியர். இந்த இரண்டும் கிடைக்காவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. கோவையில் நல்ல கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து, ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வெழுதி ஐ.ஐ.டி.யில் சேரலாம். பி.இ. என்றால் இ.சி.இ. அல்லது பயோமெடிக்கல். 'ஏ.ஐ.' என்று பெயர் இருப்பதற்காக மட்டும் ஒரு கோர்ஸை எடுக்க வேண்டாம். நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, சிக்னல் பிராசசிங் மூன்றும் பாடத்திட்டத்தில் எத்தனை செமஸ்டர் வருகிறது என்று பார்த்து எடுங்க. பட்டப்படிப்பின்போது இந்திய அறிவியல் அகாடமிகள் தரும் இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வு ஃபெல்லோஷிப்புக்குத் தவறாமல் விண்ணப்பிக்க வேண்டும்.

பிழைப்பைப் பற்றி மறைக்காமல் சொல்கிறோம். பி.எஸ்.-எம்.எஸ். முடியும்போது வயது 22, 23. பிஎச்.டி. ஐந்தாறு ஆண்டு. ஆய்வு மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் முதலிரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி.க்கு வீட்டிலிருந்து பணம் போக வேண்டியதில்லை. அதன்பின் பெரும்பாலானோர் சில ஆண்டுகள், பலரும் வெளிநாட்டில், ஆய்வு செய்துவிட்டுத்தான் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கிறார்கள். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. முப்பது வயதைத் தாண்டியும் நிரந்தர வேலை இல்லாமல் இருக்கலாம். கல்யாணப் பேச்சு அதற்கு முன்பே வரும் என்பதும் நமக்குத் தெரியும். அதை இப்போதே வீட்டில் வெளிப்படையாகப் பேசிக்கொள்வது, பிஎச்.டி. நடுவில் வந்து நிற்கச் சொல்வதைவிட எவ்வளவோ நல்லதுங்க. வழியில் வெளியேறினாலும் கற்ற கணக்கும் நிரலும் வீணாகாது. இ.இ.ஜி. சிக்னல் பகுப்பாய்வு, மருத்துவக் கருவி, மெஷின் லேர்னிங், மருந்து நிறுவனங்களின் மாதிரியாக்கம் என்று எல்லாமே இதே திறமையைத்தான் கேட்கின்றன.

தமிழ் மீடியம் என்று எழுதியிருந்தீர்கள். நீட் வினாத்தாள் தமிழில் கிடைக்கும், ஐ.ஏ.டி. கிடைக்காது. அதற்காக மீடியம் மாற்ற வேண்டாம். பிளஸ் ஒன் பாடநூல்களின் ஆங்கிலப் பதிப்பை இணையத்தில் இலவசமாக இறக்கி, தமிழில் படித்த பாடத்தை அதே வாரம் அதிலும் ஒருமுறை படிக்கட்டும். இயற்பியலில் மின்சாரமும் கணிதத்தில் வகையிடலும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும்போது, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குள் பயோ-மேத்ஸ் குரூப் தரச் சொல்லி எழுத்தில் கடிதம் கொடுத்து, அதன் நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்க.