பிரெஞ்சு டென்னிஸ் வீரர் காஸ்கேயைத் 'திறமையை வீணடித்தவர்' என்கிறார்களே, அது சரியா? தொடக்க காலத்தில் அப்படி என்ன செய்தார்?

சரியில்லை. இருபது வருடமாக இந்த மனிதரின் ஆட்டத்தைப் பார்த்து வருகிறவன் என்பதால், கேள்வியைப் பார்த்தபிறகு பேசாமல் கடந்துபோக மனம் வரவில்லை. நம் நாளிதழ்களில் 'ரிச்சர்ட் காஸ்கெட்' என்று வரும். பிரெஞ்சுக்காரர்கள் 'ரிஷார் காஸ்கே' என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

1986 ஜூன் 18 அன்று தெற்கு பிரான்சில் பெசியே என்ற ஊரில் பிறந்தவர். வளர்ந்தது பக்கத்தில் செரின்யான் என்ற சின்ன ஊரில். அப்பா, அம்மா இருவருமே டென்னிஸ் கற்றுக்கொடுப்பவர்கள். இவர் ஒரே பிள்ளை. நான்கு வயதில் மட்டையைப் பிடித்துவிட்டார். வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு நோட்டும் பென்சிலும் எப்படியோ, இவருக்குப் பந்தும் வலையும் அப்படி.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. 1996 பிப்ரவரியில் பிரான்சின் 'டென்னிஸ் மகசின்' இதழ் இந்தப் பையனை அட்டைப்படத்தில் போட்டது. ரிஷார் ஜி., வயது 9, பிரான்ஸ் காத்திருக்கும் சாம்பியன் இவன்தானா என்பது தலைப்பின் சாரம். கேள்விக்குறியோடுதான் அச்சிட்டார்கள். ஆனால் படித்தவர்கள் மனதில் கேள்விக்குறி நிற்கவில்லை, சாம்பியன் என்ற சொல்தான் நின்றது. என் அக்கா மகனுக்கு இப்போது அதே ஒன்பது வயது. பள்ளி ஆண்டு விழாவில் இரண்டு வரி வசனம் மறந்துபோய்விட்டது என்று மூன்று நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வயதுப் பிள்ளையின் தோளில் ஒரு தேசத்தின் ஏக்கத்தை ஏற்றிவைத்தார்கள்.

ஏக்கம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், 1920களின் பிற்பகுதியில் டென்னிஸ் உலகையே ஆண்ட நாடு அது. லகோஸ்ட், கோஷே, பொரோத்ரா, புருன்யோன் என்ற நால்வர் சேர்ந்து 1927 முதல் 1932 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள், நாடுகளின் அணிகள் மோதும் டேவிஸ் கோப்பையைக் கையில் வைத்திருந்தார்கள். பிரெஞ்சு ஓபன் ஆண்கள் கோப்பைக்கு இன்றும் அவர்களை நினைவூட்டும் 'மஸ்கிட்டியர்கள்' என்ற பெயர்தான். பிறகு வறட்சி வந்தது. பிரெஞ்சு ஓபனை 1946இல் மார்செல் பெர்னார் வென்றார், அவருக்குப் பின் 1983இல் யான்னிக் நோவா. சொந்த மண்ணில் நடக்கும் அந்தப் பட்டத்தை நோவாவுக்குப் பிறகு எந்தப் பிரெஞ்சு ஆண் வீரரும் ஒற்றையரில் தொடவில்லை. நல்ல ஒற்றைக்கை பேக்ஹேண்ட் (மட்டை பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தை ஒரே கையால் அடிப்பது) கொண்ட ஒரு சிறுவன் தென்பட்டதும் நாடே தொற்றிக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

இத்தனை சுமையோடு அந்தப் பையன் என்ன செய்தான் என்பதுதான் உங்கள் கேள்வியின் உண்மையான பகுதி. 1999இல், தெற்கு பிரான்சில் டார்ப் நகரில் நடக்கும் 14 வயதுக்குட்பட்டோருக்கான 'லே பெத்தி ஸா' போட்டியில் பட்டம் வென்றான். வழியில் அவனிடம் தோற்றவர்களில் மயோர்க்கா தீவிலிருந்து வந்த ஓர் இடதுகைப் பையனும் உண்டு. பெயர் ரஃபேல் நடால். இருவருக்கும் வயது வித்தியாசம் பதினைந்தே நாள்.

2002 ஏப்ரல். மான்டி கார்லோ மாஸ்டர்ஸ் போட்டியில் தகுதிச் சுற்று ஆடி பிரதான சுற்றுக்குள் வந்தார். கிராண்ட்ஸ்லாம் எனும் நான்கு பெரிய போட்டிகளுக்கு அடுத்த தரத்தில் இருப்பவை மாஸ்டர்ஸ் போட்டிகள். வயது 15 வருடம் 10 மாதம். மாஸ்டர்ஸ் போட்டி ஒன்றில் அவ்வளவு இளம் வயதில் அதற்கு முன் யாரும் தகுதி பெற்றதில்லை. முதல் சுற்றில் அர்ஜென்டினாவின் ஃபிராங்கோ ஸ்குயிலாரியை வென்றார். ஸ்குயிலாரி சாதாரண ஆள் இல்லை, 2000ஆம் ஆண்டு பிரெஞ்சு ஓபனில் அரையிறுதி வரை போனவர். அடுத்த சுற்றில் மராட் சஃபினிடம் தோற்றார். நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் வயது.

அடுத்த மாதமே, வைல்டு கார்டு என்ற சிறப்பு அழைப்பில் பிரெஞ்சு ஓபன். முதல் சுற்றிலேயே ஸ்பெயினின் ஆல்பர்ட் கோஸ்டா எதிரில் வந்தார். காஸ்கே தோற்றார், ஆனால் ஒரு செட்டைப் பறித்துக்கொண்டுதான் தோற்றார். அந்த ஆண்டு பட்டம் வென்றவரே அந்தக் கோஸ்டாதான். அதே 2002இல் ஜூனியர் பிரிவில் பிரெஞ்சு ஓபன், அமெரிக்க ஓபன் இரண்டும் காஸ்கேயின் கைக்கு வந்தன. 'வீணடித்தவர்' என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு வருடத்தையாவது உட்கார்ந்து படிக்க வேண்டும்.

2003, 2004 இரண்டும் மெதுவாகப் போன ஆண்டுகள். 2004 பிரெஞ்சு ஓபனில் தத்தியானா கோலோவினுடன் சேர்ந்து கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார். காஸ்கேவுக்கு 17, கோலோவினுக்கு 16; இறுதியில் வீழ்த்தியது ஜிம்பாப்வேயின் வெய்ன் பிளாக், காரா பிளாக் என்ற அண்ணன் தங்கை இணையை. அதே ஆண்டு மெட்ஸ் நகரில் முதல் முறையாக, ஏடிபி எனும் ஆண்கள் தொழில்முறைச் சுற்றில் ஒற்றையர் இறுதிக்கு வந்து, சக நாட்டவர் ஜெரோம் ஹேனலிடம் தோற்றார். பத்திரிகைகளில் அப்போதே 'என்ன ஆயிற்று?' என்ற குரல் கேட்கத் தொடங்கிவிட்டது. பதினெட்டு வயதில்!

2005 ஏப்ரல் வந்தது. மறுபடியும் மான்டி கார்லோ, மறுபடியும் தகுதிச் சுற்று. காலிறுதியில் எதிரே ரோஜர் ஃபெடரர். அந்த ஆண்டு ஃபெடரர் எப்படி ஆடினார் என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். தொடர்ந்து 25 ஆட்டங்களை வென்றுவிட்டு வந்திருந்தார். அந்த ஆண்டு முழுவதும் சேர்த்தே அவர் தோற்றது நான்கு பேரிடம்தான்: சஃபின், நடால், நல்பாண்டியன், நம் காஸ்கே.

முதல் செட் 6-6 என்று சமமாகி, டை பிரேக் என்ற முடிவாட்டத்தில் ஃபெடரருக்குப் போனது. இரண்டாவதை 6-2 என்று பையன் எடுத்துக்கொண்டான். மூன்றாவதும் டை பிரேக். ஃபெடரருக்கு மூன்று மேட்ச் பாயின்ட்கள், அதாவது இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டமே முடிந்துவிடும் தருணங்கள், கிடைத்தன, மூன்றையும் காஸ்கே தட்டிவிட்டார். 10-8 என்று முடித்த அந்தக் கடைசிப் பந்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஃபெடரர் வலையை நோக்கி வந்துவிட்டார். காஸ்கே ஓடிப்போய், உடல் நிலை தடுமாறிச் சாயும் நேரத்தில், ஒரே கையால் பேக்ஹேண்டை வீசுகிறார். பந்து பக்கக்கோட்டை ஒட்டி ஃபெடரரைத் தாண்டிப் போகிறது. அந்த இடத்திலிருந்து அந்தக் கோணத்தில் பந்தை அனுப்பலாம் என்று யோசிக்கவே ஒரு துணிச்சல் வேண்டும்.

மறுநாள் அரையிறுதி. எதிரே டார்ப் நகரத்து அதே இடதுகைப் பையன். முதல் செட் காஸ்கேவுக்கு. பிறகு 6-4, 6-3 என்று நடால் வென்று, இறுதியில் அர்ஜென்டினா வீரர் கில்லெர்மோ கொரியாவையும் வீழ்த்தி, மான்டி கார்லோவில் தன் பதினொரு பட்டங்களில் முதலாவதை எடுத்துக்கொண்டார். ஆறு வாரம் கழித்து பிரெஞ்சு ஓபன் மூன்றாவது சுற்றில் இருவரும் மீண்டும் மோதியபோது 6-4, 6-3, 6-2 என்று ஆட்டம் ஒருபக்கமாக முடிந்தது. தொழில்முறைச் சுற்றில் இருவரும் மோதிய 18 ஆட்டங்களில் ஒன்றைக்கூட காஸ்கே வெல்லவில்லை. பார்ப்பவனாகச் சொல்கிறேன், இந்த எண்ணிக்கை வலிக்கும்.

இதற்கு ஆட்டத்துக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. காஸ்கேயின் பேக்ஹேண்ட் நீளமான வீச்சு. தோள் முழுவதும் திரும்பும், மட்டையின் தலை தலைக்கு மேல் உயரும், பெரிய வளையம் ஒன்று போட்டு இறங்கி, முன்காலுக்கு முன்னால் பந்தைச் சந்திக்கும். அவ்வளவு பெரிய வீச்சுக்கு நேரம் வேண்டும். நேரம் வேண்டுமென்றால் மைதானத்தின் பின்பக்கக் கோடான பேஸ்லைனை விட்டுப் பல அடி பின்னால் நிற்க வேண்டும். பின்னால் நின்றால் எதிராளிக்கு மைதானம் விரிந்துகொடுக்கும். நடாலின் இடதுகை ஃபோர்ஹேண்ட், சுழற்சியோடு வந்து குத்தி, சரியாக இந்த பேக்ஹேண்ட் பக்கம் தோள் உயரத்துக்கு எழும்பும். ஒற்றைக்கை ஆட்டக்காரருக்கு அந்த உயரத்தில் பந்தை அடிப்பதைப்போலக் கடினம் வேறில்லை. உலகின் மிக அழகான அடி எங்கே இருக்கிறதோ, அங்கேயே நடாலின் பந்து வந்து விழுந்துகொண்டிருந்தது.

2005 மே மாதம் ஹாம்பர்க் மாஸ்டர்ஸ் இறுதிவரை போய் ஃபெடரரிடம் தோற்றார். ஜூனில், 19 வயது முடிந்த கையோடு, நாட்டிங்ஹாம் புல்தரையில் மேக்ஸ் மிர்னியை வென்று முதல் ஏடிபி பட்டம். 2006இல் நாட்டிங்ஹாம், குஷ்டாட், லியோன் என மூன்று பட்டங்கள். டொரன்டோ மாஸ்டர்ஸ் இறுதியில் ஃபெடரரிடம் முதல் செட்டை வென்றுவிட்டுத் தோல்வி. களிமண், புல், உள்ளரங்கம் என்று எல்லாத் தரையிலும் வென்ற பையனைப் பற்றித்தான் பேசுகிறோம்.

2007 விம்பிள்டன் காலிறுதி இன்னொரு உச்சம். ஆண்டி ராடிக், அதற்கு முன் இரண்டு முறை அங்கே இறுதியாட்டம் கண்டவர், 6-4, 6-4, மூன்றாவது செட்டில் 4-2 என்று முன்னிலையில் இருந்தார். வீட்டில் எல்லாரும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சாப்பிட வா என்றார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அங்கிருந்து காஸ்கே இரண்டு டை பிரேக்குகளை வென்று, ஐந்தாவது செட்டை 8-6 என்று முடித்தார். ராடிக்கின் சர்வ் இடிபோல இறங்கும். அதைத் திருப்பி, அடுத்த பந்திலேயே பேக்ஹேண்டால் கோட்டோரம் அடித்துக்கொண்டே இருந்தார். அந்த ஆண்டு மழையால் அட்டவணை குலைந்திருந்தது. ஓய்வே இல்லாமல் மறுநாளே ஃபெடரரோடு அரையிறுதி. நேர் செட்களில் தோல்வி. ஆனாலும் அடுத்த திங்கள்கிழமை தரவரிசையில் உலகின் ஏழாம் இடம். வயது 21. அதுவே அவர் தொட்ட உச்ச இடம்.

அந்த வருடம் செப்டம்பர் இறுதியில் அவர் மும்பைக்கு ஆட வந்தார். நான் அப்போது அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் எடுத்து, வீரர்கள் ஆட்டத்திடையே உட்காரும் நாற்காலிக்குப் பக்கமாக இடம் பிடித்தேன். மும்பையின் ஈரப்புழுக்கம். பக்கம் மாறி உட்காரும் ஒவ்வொரு முறையும் மட்டையின் கைப்பிடியில் இருந்த பழைய கிரிப்பை உரித்துப் போட்டுவிட்டு, புதிய பட்டையை எடுத்து, தொடைகளுக்கிடையே மட்டையை நிறுத்தி, கீழிருந்து மேலாக மெதுவாகச் சுற்றுவார். சுற்று சரியாக விழவில்லையென்றால் அவிழ்த்து மறுபடி சுற்றுவார். தொலைக்காட்சியில் அந்த நேரத்தில் விளம்பரம் போட்டுவிடுவார்கள், அதனால் எனக்கு அது புதிதாக இருந்தது. இன்னொன்று: ஒரு பாயின்டை வென்றால், வென்ற அதே பந்தையே கேட்பார். பந்து எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் எது அந்தப் பந்து என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இவர் பொறுமையாக விரலை நீட்டிக் காட்டுவார். அந்தப் போட்டியின் இறுதியில் பெல்ஜியத்தின் ஒலிவியே ரோகுஸை 6-3, 6-4 என்று வென்றார். ஐந்தாவது பட்டம். நவம்பரில் ஷாங்காயில் உலகின் முதல் எட்டுப் பேர் ஆடும் மாஸ்டர்ஸ் கோப்பையில் இடம். அங்கே ஜோகோவிச்சை வென்றார்.

பிறகு ஏன் கிராண்ட்ஸ்லாம் வரவில்லை? ஒன்று, மேலே சொன்ன பின்னால் நிற்கும் ஆட்டம். இரண்டு, அவரைவிட ஐந்து வயது மூத்த ஃபெடரர் ஒரு பக்கம். நடால், ஜோகோவிச், மரே மூவரும் ஒரு வயது வித்தியாசத்துக்குள் இன்னொரு பக்கம். அந்தக் காலத்தில் இந்த நால்வரைத் தவிர எத்தனை பேர் பெரிதாக வென்றுவிட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2008இல் முழங்கால் வலியோடு பிரெஞ்சு ஓபனை விட்டு விலகினார். விம்பிள்டனில் மரேயிடம் இரண்டு செட் முன்னிலையைக் கைவிட்டுத் தோற்றார். இந்தக் கடைசித் தோல்விக்கு நான் சாக்குச் சொல்ல மாட்டேன், அது அவர் வென்றிருக்க வேண்டிய ஆட்டம்.

2009 விவகாரத்தையும் யாராவது இழுப்பார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். மயாமியில் எடுத்த பரிசோதனையில் மிக மிக நுண்ணிய அளவு கொக்கெய்ன் தெரிந்தது. இரவு விடுதியில் ஒரு பெண்ணுடன் முத்தமிட்டதால் உடலுக்குள் போயிருக்கலாம் என்று விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டு அவரை ஜூலையில் ஆட அனுமதித்தது. விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றமும் டிசம்பரில் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. இதை வைத்து அவரை எடைபோடுவது நியாயமில்லை.

2025 பிரெஞ்சு ஓபனில் யானிக் சின்னரிடம் தோற்று விடைபெற்றார். 16 ஒற்றையர் பட்டங்கள், மூன்று கிராண்ட்ஸ்லாம் அரையிறுதிகள், 2012 ஒலிம்பிக் இரட்டையர் வெண்கலம், 2017 டேவிஸ் கோப்பை. ஒன்பது வயதில் அவரிடம் யாரும் சம்மதம் கேட்காமல் எழுப்பிய கேள்விக்கு அவர் தந்த பதில் இவ்வளவு. எனக்கு இது குறைவாகத் தெரியவில்லை.

நேரம் இருந்தால் 1999 டார்ப் ஆட்டத்தின் பழைய வீடியோவைத் தேடிப் பாருங்கள். இரண்டு பையன்களும் பன்னிரண்டு வயது. நடாலை முதலில் அடையாளம் தெரியாது. காஸ்கேயின் பேக்ஹேண்ட் மட்டும் அப்போதே முழுதாக வந்துவிட்டிருந்தது: அதே தோள் திரும்பல், அதே பெரிய வளையம்.