அடகுக்கடை அலாரத்தில் இருப்பது 2ஜி சிம். 2ஜியை மூடப்போகிறார்கள் என்று சொல்லி அலாரத்தின் முதன்மைப் பெட்டியான பேனலையே மாற்றச் சொல்கிறார் விற்பனையாளர். மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். பேனல் அப்படியே இருக்கட்டும், சிம் போட்டு உங்களைக் கூப்பிடும் டயலரை மட்டும் மாற்றினால் போதும். பாலக்கோட்டில் அப்பாவின் அடகுக்கடை, ஷட்டரில் மேக்னட் சென்சார், லாக்கர் அறையில் அதிர்வு சென்சார், பேனலுக்குப் பக்கத்தில் தனிப் பெட்டியாகப் பழைய ஜிஎஸ்எம் (2ஜி) டயலர் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியில் சிசிடிவி, அலாரம் வேலை பார்க்கிறவன் நான். நீங்கள் சொல்வதுபோல் டயலர் தனிப் பெட்டி என்றால், பேனலில் இருந்து அதற்கு வருவது 12 வோல்ட் கரண்டும், சைரன் அடிக்கும்போது "இப்போது கூப்பிடு" என்று சொல்லும் ஒரு டிரிகர் ஒயரும்தான். புது 4ஜி டயலருக்கும் அதே ஒயர்கள் போதும். அரை நாள் வேலைகூட இல்லை. ஜிஎஸ்எம் பேனலுக்குள்ளேயே போர்டில் சேர்ந்து வந்திருந்தாலும்கூட, அதை அணைத்துவிட்டு சைரன் அவுட்புட்டில் இருந்து வெளி டயலருக்கு ஒயர் இழுத்துவிடலாம்.

2ஜியை மூடுவதற்கு அரசு இதுவரை தேதி எதுவும் குறிக்கவில்லை. ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் இன்னும் 2ஜியை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மூடு, மூடு என்று சொல்லிக்கொண்டிருப்பது ஜியோ. 2016 செப்டம்பரில் வந்தபோதே 4ஜி மட்டும்தான் என்று வந்த நிறுவனம், அவர்களுக்கு அதில் இழக்க ஒன்றுமில்லை. 2020இல் முகேஷ் அம்பானி மேடையில் பேசியதும், 2024இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிடம் ஜியோ எழுதிக் கொடுத்ததும் அதுதான். உங்கள் விற்பனையாளர் காதில் விழுந்தது இந்தப் பேச்சாக இருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், இங்கே 2ஜிக்கு முன்னால் 3ஜி போய்விட்டது. ஏர்டெல் 2019இல் கொல்கத்தாவில் ஆரம்பித்து அடுத்த ஆண்டுக்குள் நாடு முழுக்க 3ஜியை எடுத்துவிட்டது. ஏர்டெல் சிம் போட்ட '3ஜி டயலர்' எல்லாம், கூடுதல் காசு கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், இன்று 2ஜியில்தான் பேசிக்கொண்டிருக்கின்றன.

அமெரிக்காவில் அலாரம் தொழிலுக்கு இது பழகிப்போன தலைவலி. 2008 பிப்ரவரியில் பழைய அனலாக் மொபைல் சேவை போனது, 2017 பிறக்கும்போது ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் 2ஜி போனது, 2022 பிப்ரவரி 22இல் அதே நிறுவனத்தின் 3ஜி போனது. கொரோனாவால் வீடுகளுக்குள் போய்ப் பெட்டி மாற்ற முடியவில்லை, சிப்பும் கிடைக்கவில்லை, கொஞ்சம் தள்ளிவையுங்கள் என்று அலாரம் நிறுவனங்கள் கெஞ்சியும் தேதி நகரவில்லை. ஆனால் அங்கே தேதியாவது முன்கூட்டியே தெரிந்தது. நமக்கு 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தபோது என்ன ஆனது என்று ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாடே போர்ட் செய்ய வரிசையில் நின்றது. கடைக்காரர்கள் கையில் இருந்த போனை மாற்றிக்கொண்டார்கள். பெட்டிக்குள் கிடந்த சிம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. பேனலில் பச்சை விளக்கு எரியும், ஷட்டரைத் திறந்தால் சைரன் அலறும், கூப்பிட வேண்டிய டயலர் மட்டும் செத்துக் கிடக்கும்.

அதனால் 2ஜி எப்போது போகும் என்று காத்திருக்காமல், உங்கள் வசதிப்படி இந்த ஆண்டுக்குள் டயலரை மாற்றிவிடுங்கள். வாங்கும்போது ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பெட்டி மேல் '4ஜி' என்று அச்சடித்திருப்பார்கள். உள்ளே இருக்கும் மாட்யூல், அதாவது டவரோடு பேசும் சின்னப் போர்டு, டேட்டாவை மட்டும் 4ஜியில் அனுப்பிவிட்டு, குரல் அழைப்பு என்று வந்தால் 2ஜிக்கு இறங்குகிற ரகமாக இருக்கலாம். அதில் ஏர்டெல் சிம் போட்டால் இன்றைக்கு எல்லாம் நன்றாக வேலை செய்யும். 2ஜி மூடுகிற அன்றைக்கு உங்கள் '4ஜி' டயலரும் ஊமையாகிவிடும். ஜியோ சிம் போட்டால் இன்றைக்கே அழைப்பு போகாது, ஏனென்றால் இறங்குவதற்கு ஜியோவிடம் 2ஜியே கிடையாது. நல்ல சோதனையும் இதுதான்: கடையிலேயே ஒரு ஜியோ சிம்மைப் போட்டு அந்தப் பெட்டியில் இருந்து உங்கள் போனுக்கு அழைப்பு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதில் வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே குரல் அழைப்பு போகும் வசதி இருக்கிறது, தைரியமாக வாங்கலாம். ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டுச் சரக்கை வாங்குகிறவர்கள் பேண்டையும் (அலைவரிசையையும்) பார்க்க வேண்டும். இங்கே 4ஜி 850, 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸ் என்று பல இடங்களில் ஓடுகிறது, பிஎஸ்என்எல் 700ஐயும் வைத்திருக்கிறது. அமெரிக்காவுக்கென்று செய்த மாட்யூலில் இவற்றில் பாதி இருக்காது. பழைய ஆண்டெனாவையும் அப்படியே புதுப் பெட்டியில் மாட்டிவிடாதீர்கள். அது 900க்கும் 1800க்கும் செய்தது. 4ஜி ஆண்டெனா வாங்கி, இரும்பு ஷட்டருக்கும் லாக்கருக்கும் தள்ளி, கூடுமானவரை உயரத்தில் வையுங்கள்.

பாலக்கோடு டவுனில் இதற்கெல்லாம் சிக்கல் இல்லை. அஞ்செட்டி, வத்தல்மலை, ஒகேனக்கல் போகிற காட்டுப் பகுதி மாதிரி இடமாக இருந்தால் 2ஜியும் 4ஜியும் இரண்டும் உள்ள மாட்யூல்தான் வாங்கச் சொல்வேன். மேடுபள்ளமான ஊரில் 900இல் வரும் 2ஜி கிடைத்து 4ஜி கிடைக்காத மூலைகள் இன்னும் இருக்கின்றன.

டயலரை இரண்டாவது வழியாக வைத்திருப்பவர்கள் முதல் வழி என்னவானது என்றும் பார்க்க வேண்டும். முன்பு பேனல் லேண்ட்லைனில் கூப்பிடும், அது அறுந்தால் சிம். பழைய செம்புக் கம்பி இணைப்புக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தே 48 வோல்ட் வரும், கடையில் கரண்ட் போனாலும் போன் உயிரோடு இருக்கும். இப்போது ஃபைபர் வந்துவிட்டது. சுவரில் மாட்டிய மோடத்துக்குக் கரண்ட் போனால் லேண்ட்லைனும் இன்டர்நெட்டும் சேர்ந்தே போகும். திருடன் கம்பியைத் தேடி அறுக்க வேண்டிய அவசியமே இல்லை, வெளியில் மெயின் ஸ்விட்சை இறக்கினால் போதும். அந்த மோடத்துக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் போடுங்கள். பேனலுக்குள் இருக்கும் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி போட்டு மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தால் அதையும் கழற்றி எறியுங்கள். இன்டர்நெட் எந்த நிறுவனமோ, சிம் வேறு நிறுவனமாக இருக்கட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால், அந்த நிறுவனத்தின் ஃபைபரை எங்கோ பொக்லைன் வெட்டும்போது வீட்டு இணைப்பும் டவரும் ஒரே நேரத்தில் படுத்துவிடலாம்.

2021 ஜனவரியில் ஓசூரில் நகைக்கடன் கிளை ஒன்றில் ஆயுதங்களோடு நுழைந்து 25 கிலோ அளவுக்கு நகையை அள்ளிப்போன கூட்டம் மறுநாளே ஐதராபாத் பக்கம் பிடிபட்டது. நகையோடு போன ஜிபிஎஸ் கருவிதான் வழி காட்டியது என்று செய்திகளில் வந்தது. அதைப் பார்த்துவிட்டு ஜிபிஎஸ் வாங்கி வைத்திருக்கும் அடகுக்கடைக்காரர்கள் உண்டு. ஜிபிஎஸ் தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளும், அவ்வளவுதான். அதை உங்களுக்குச் சொல்வதற்கு அதற்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. அந்த சிம் 2ஜியா 4ஜியா என்றும் பார்த்துவிடுங்கள்.

நான் போய்ப் பார்க்கிற கடைகளில் டயலர் வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் நெட்வொர்க் காரணமாக இருப்பதில்லை. ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் தர வேண்டும், அது 365 நாள் வரை செல்லுபடியாகலாம் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டது. அதுபோல நீண்ட நாள் செல்லும் ஒன்றைப் போட்டுவிட்டு, தீரும் தேதியை ஸ்டிக்கரில் எழுதிப் பேனல் கதவில் ஒட்டுங்கள். சிம் 4ஜிக்கு முந்தியதாக இருந்தால் கம்பெனி ஷோரூமில் மாற்றித் தருவார்கள், எண் அதேதான். சிம்முக்கு PIN நம்பர் லாக் இருந்தால் ஒரு போனில் போட்டு அந்த லாக்கை நீக்கிவிட்டுப் பிறகு மாட்டுங்கள். அப்பாவின் போனில் அந்த எண்ணை 'கடை அலாரம்' என்று பதிந்து, சைலன்ட்டில் இருந்தாலும் ஒலிக்கும்படி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சைலன்ட்டில் கிடக்கும் போனுக்கு 5ஜியே வந்தாலும் பிரயோஜனமில்லை.

புதுசு வாங்கும்வரை பழைய டயலரையும் சும்மா விடாதீர்கள். மூடியைத் திறந்து மாட்யூலின் சின்ன விளக்கைப் பாருங்கள். சிம்900, சிம்800 வகை மாட்யூல் என்றால் 3 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டினால் டவர் கிடைத்திருக்கிறது, விநாடிக்கு ஒருமுறை போலப் படபடவென்று சிமிட்டினால் தேடிக்கொண்டே இருக்கிறது. பிறகு கடை சாத்தும் நேரத்தில் மோடத்தையும் மெயினையும் அணைத்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, சென்சாரைத் தட்டிப் பாருங்கள். அழைப்பு வர எவ்வளவு நேரமாகிறது, பட்டியலில் உள்ள எல்லா எண்ணுக்கும் போகிறதா, எஸ்எம்எஸ் வருகிறதா என்று மூன்றையும் பாருங்கள். புது டயலர்களில் தினமும் ஒரு நேரத்துக்கு "நான் இருக்கிறேன்" என்று எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி இருந்தால் கட்டாயம் போடுங்கள், கடை சாத்திய பிறகு இரவு 9 மணிக்கு வருவதுபோல. அது வராத நாளில் போய்ப் பார்க்க வேண்டும்.

பின்குறிப்பு: உங்கள் பக்கம் தக்காளித் தோட்டம் இருக்கிறவர்கள் போர் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டிருப்பீர்கள். அதிலும் பெரும்பாலும் இதே 2ஜி மாட்யூல்தான். மாற்றும்போது அதற்கும் அந்த ஜியோ சிம் சோதனையையே செய்யுங்கள்.